இழைப்புளிக்கு முதுகும் உண்டு

"தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கலாமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். உதவியவருக்கே கெடுதல் செய்கிறவனைக் கண்டிக்கும் பழமொழி இது. இதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது என்ன மரம், அதில் எதைத் தீட்டினார்கள் என்று கேட்டால் இன்று பலருக்கும் சொல்லத் தெரியாது. ஒரு பலகையில் நுண்ணிய கல்பொடியைத் தூவி, அதன்மேல் கத்தியையும் அரிவாளையும் தேய்த்துக் கூராக்குவார்கள். அந்தப் பலகைதான் தீட்டுமரம். கூர் வந்துவிட்டதா என்று அந்தப் பலகையிலேயே வெட்டிப் பார்க்கிறவன் நன்றி கெட்டவன்.

காஞ்சிபுரத்தில் மளிகையோடு ஆணி, கீல், உப்புத்தாள், இழைப்புளித் தகடு, சாணைக்கல் என்று கொஞ்சம் இரும்புச் சாமானும் வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் நாங்கள். ஒருமுறை இந்தப் பழமொழிக்கு நாங்களே உதாரணமாகிவிட்டோம். தெரியாமல் நடந்ததுதான். ஆனாலும் நட்டம் நட்டம்தானே! அந்த நட்டத்தில் கற்றுக்கொண்டது நம் சங்க உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறோம்.

ஒரு மாதக் கணக்கு தவறிய கதை

நம் ஊரில் "இழை" என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு நாள் கழியாது. பட்டு இழை, சரிகை இழை, பாவு இழை என்று தெருவெல்லாம் அதுதான் பேச்சு. தச்சரிடமும் அந்தச் சொல் உண்டு. மரத்தைச் சீவி வழவழப்பாக்குவது அவருக்கு இழைப்பு. அதைச் செய்யும் கருவி இழைப்புளி. நெசவாளரின் இழையும் தச்சரின் இழைப்பும் சந்திக்கிற இடம் தறி. தறியின் சட்டம், நெய்த சேலையைச் சுற்றும் படமரம், காலால் மிதிக்கும் கட்டை, நாடா ஓடும் பலகை எல்லாமே மரம். அந்த மரம் சரியாக இழைக்கப்படாவிட்டால் பட்டு தாங்காது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் எங்களிடம் மாதக் கணக்கு வைத்திருக்கிறார். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நோட்டில் எழுதிப் போகும். சேலையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கியதும் நேரே கடைக்கு வந்து கணக்கைத் தீர்ப்பார். பல ஆண்டுகளாக ஒரு மாதமும் தவறியதில்லை. ஒரு மாதம் தவறினார்.

"அண்ணாச்சி, இந்த மாசம் பாதிதான் தர முடியும். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். என்ன விஷயம் என்று விசாரித்தோம். தறியில் நாடா ஓடும் பலகை தேய்ந்துவிட்டதாம். ஓர் இளம் தச்சரைக் கூப்பிட்டுப் புதுப் பலகை இழைத்துப் போட்டிருக்கிறார். பார்வைக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மரத்தின் நார் மாறி ஓடுகிற ஓரிடத்தில் இழைப்புளி சீவாமல் பிய்த்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிலும்பு. பாவு இழைகள் அந்தப் பலகையின் மேல் படிந்து படிந்துதான் எழும்பும். ஊடை ஓடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிலும்பு பட்டை உரசியிருக்கிறது. இழைகள் அறுந்தன. அறுந்ததையெல்லாம் தேடி முடிச்சுப் போட்டு ஓட்டியும் சேலையின் உடலில் குறை தெரிந்துவிட்டது. கூலியில் பிடித்தம். பத்துப் பதினைந்து நாள் குடும்பமே உட்கார்ந்து செய்த வேலை அது.

எங்கள் கல்லாப் பெட்டிக்கு மேலே "கடன் அன்பை முறிக்கும்" என்ற அட்டை தொங்குகிறது. அன்று அதை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பினோம். அதோடு அது முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

"என்ன சொல்லி வித்தீங்க?"

நான்கு நாள் கழித்து வயதான ஆசாரி ஒருவர் கடைக்கு வந்தார். அந்தப் பலகையைச் சரி செய்ய நெசவாளர் அவரை அழைத்திருக்கிறார். கூடவே இளம் தச்சரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆசாரி ஓர் இழைப்புளித் தகட்டை மேசைமேல் வைத்தார்.

"இதை வித்தது நீங்கதானே முதலாளி?"

"ஆமாங்க ஐயா. நல்ல கம்பெனிச் சரக்குதான்."

"சரக்கைக் குறை சொல்லலை. என்ன சொல்லி வித்தீங்க?"

எங்களுக்கு நினைவு வந்தது. அந்தத் தம்பி வாங்கும்போது, தீட்ட வேண்டுமா என்று கேட்டார். "புது பிளேடு தம்பி, அப்படியே மாட்டி ஓட்டலாம்" என்று சொன்னது நாங்கள்தான். நமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்ன ஒரு வார்த்தை, தச்சர் கைவழியாகப் போய், தறிவழியாகப் போய், கடைசியில் எங்கள் கணக்கு நோட்டிலேயே வந்து விழுந்திருக்கிறது!

ஆசாரி தகட்டைத் திருப்பி அதன் தட்டையான பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். இசைத்தட்டில் இருப்பதுபோல மெல்லிய கோடுகள் குறுக்கே ஓடின. "சரிவை மட்டும் எல்லாரும் தீட்டறாங்க. இதுக்கு முதுகும் இருக்கு. முதுகு சரியில்லாம கூர் எங்கேருந்து வரும்?" என்றார்.

இரண்டு முகங்கள் சந்திக்கிற கோட்டுக்குத்தான் கூர் என்று பெயர். இழைப்புளித் தகட்டில் ஒரு முகம் சரிவு. மற்றொன்று தட்டையான முதுகு. சரிவைக் கண்ணாடிபோல் தீட்டினாலும், முதுகில் இயந்திரம் விட்ட கோடுகள் அப்படியே இருந்தால், அந்தக் கோடுகள் கூர் முனையில் வந்து பல் பல்லாக முடியும். கையில் தடவினால் தெரியாது. மரத்தில் தெரியும், பட்டில் இன்னும் நன்றாகத் தெரியும். பொதுவாகப் பட்டறையிலிருந்து வரும் புதுத் தகட்டுக்கு இயந்திரத்தில் சரிவு பிடித்திருப்பார்கள், அவ்வளவுதான். கடைசித் தீட்டு வாங்குபவரின் வேலை. இது எந்தக் கம்பெனியின் குற்றமும் அல்ல. விற்கிறவர் சொல்லவேண்டிய செய்தி.

பாகுக்குப் பதம், எஃகுக்கும் பதம்

வெல்லப் பாகு காய்ச்சும்போது பதம் ஒரு நொடி தவறினால் என்ன ஆகும் என்று மளிகைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எஃகுக்கும் அப்படித்தான். கார்பன் எஃகைச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்தால் அது கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் உடையவும் செய்யும். அதனால் மறுபடியும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். அப்போது மெருகிட்ட எஃகின்மேல் நிறம் ஏறும். சுமார் 230 பாகை செல்சியஸில் வைக்கோல் நிறம். இன்னும் ஏறி 300 பாகையை நெருங்கும்போது நீலம். இழைப்புளித் தகட்டுக்கு வைக்கோல் நிறத்துப் பதமே ஏற்றது.

இதைத் தெரியாமல் மின்சாரச் சாணையில் தகட்டை அழுத்திப் பிடிக்கிறோம். பொறி பறக்கிறது, வேலை வேகமாக நடப்பதுபோல் தோன்றுகிறது. முனை நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் ஏறிய பகுதி முழுவதையும் தேய்த்துக் கழித்தால்தான் நல்ல எஃகு வரும். ஆகவே சாணையில் பிடிக்கும்போது பக்கத்திலேயே தண்ணீர் இருக்க வேண்டும். லேசாகத் தொட்டு எடுத்து, கையில் சூடு தெரியுமுன் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிடிக்க வேண்டும்.

எஃகைப் பதப்படுத்தும் வித்தை நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் உருக்கியதற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னிந்திய உருக்கு "ஊட்ஸ்" என்ற பெயரில் ஐரோப்பாவிலும் புகழ் பெற்றது. லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளர் அதைக் கொண்டு கருவிகள் செய்தார். பின்னாளில் மின்சார ஆராய்ச்சியால் உலகப்புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே, இந்த ஸ்டோடார்டோடு சேர்ந்து 1820 வாக்கில் எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். நம் ஊர் உருக்கைப் போல் செய்ய முடியுமா என்பதே அந்த ஆராய்ச்சிக்கு ஒரு தூண்டுதல். அப்படிப்பட்ட சரக்கை உலகத்துக்கு அனுப்பிய மண்ணின் வணிகர்கள், ஒரு தகட்டின் முதுகைப் பற்றித் தெரியாமல் விற்றோம் என்பது எங்களுக்கு உறுத்தலாகவே இருந்தது.

சாணைக்கல்லும் சல்லடையும்

பழைய தீட்டுமரத்தில் தூவிய கல்பொடியின் வேலையை இன்று பெரும்பாலும் செய்வது கார்போரண்டம் கல். இதற்கும் ஒரு வணிகக் கதை உண்டு. அமெரிக்காவில் எட்வர்டு அச்சேசன் என்பவர் 1891-இல் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் கடுமையாகச் சூடேற்றிப் பார்த்தபோது, பளபளவென்று மிகக் கடினமான சிறு படிகங்கள் கிடைத்தன. சிலிக்கன் கார்பைடு என்பது அதன் வேதிப்பெயர். அவர் வைத்த விற்பனைப் பெயர் கார்போரண்டம். முதலில் அதை வாங்கியவர்கள் இரத்தினக் கல் மெருகிடுவோர். உற்பத்தி பெருகி, விலை இறங்கிய பிறகே அது சாமானியத் தச்சரின் பைக்குள் வந்தது. மலிந்தால் கடைத்தெருவுக்கு வரும் என்பது இதற்கும் பொருந்தும். நம் சென்னையில் 1954-இல் முருகப்பா குழுமத்தார் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

கல்லிலும் உப்புத்தாளிலும் எண் போட்டிருப்பதைப் பார்க்கிறோம். வாடிக்கையாளர் "எந்த நம்பர்?" என்று கேட்டால் பலரும் விழிக்கிறோம். இதை நம் சல்லடையை வைத்தே விளக்கலாம். ரவை சலிக்கும் சல்லடைக்குக் கண் பெரிது. மைதா சலிக்கும் சல்லடைக்குக் கண் சிறிது. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கண் என்ற கணக்கில் வந்ததுதான் இந்த எண்ணும். எண் ஏற ஏறப் பொடி மென்மையாகும். 120 என்றால் ரவை; 1000 என்றால் மைதாவைவிட மென்மை. இப்படிச் சொன்னால் யாருக்கும் ஒரு நிமிடத்தில் புரியும்.

கல்லுக்கு எண்ணெய் விடுவது தேய்ந்த இரும்புத் துகளைக் கழுவி வெளியேற்றுவதற்காக. இங்கே ஓர் எச்சரிக்கை. அடுப்படியில் இருக்கிறதே என்று நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் விடக்கூடாது. சமையல் எண்ணெய் நாள்பட்டால் பிசின்போல் இறுகிக் கல்லின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் கல் வழுக்கும், அறுக்காது. தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயே சரி.

ஆசாரி எங்கள் மேசைமேல் செய்து காட்டியது

அன்று அந்த ஆசாரி எங்களிடம் ஒரு தடித்த கண்ணாடித் துண்டு கேட்டார். பழைய அலமாரிக் கண்ணாடி ஒன்று கிடந்தது. தண்ணீரில் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளை அதன்மேல் நனைத்து ஒட்டினார். தகட்டின் முதுகை அதன்மேல் தட்டையாகப் படுக்கவைத்து, கூரை ஒட்டிய அரை அங்குலத்தை விரலால் அழுத்தித் தேய்த்தார். முதலில் 220, பிறகு 400, பிறகு 800, கடைசியில் 1000. தகடு முழுவதும் பளபளக்க வேண்டியதில்லை. கூரை ஒட்டி ஒரு பட்டை அளவுக்குக் கோடு இல்லாமல் மழமழவென்று ஆனால் போதும். "ஆயுசுக்கு ஒரு தடவை செஞ்சா போதும். இந்தக் கால் மணி நேரத்தைத்தான் ஒருத்தரும் செலவழிக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

அடுத்தது சரிவு. இதற்கு ஓர் எளிய கணக்குச் சொன்னார். தகட்டின் கனத்தைப்போல் இரண்டு பங்கு நீளம் சரிவு இருந்தால் அது 30 பாகை. தகடு 3 மில்லிமீட்டர் கனம் என்றால் சரிவு 6 மில்லிமீட்டர். தனியாகக் கோணமானி எதுவும் வேண்டாம். 25 பாகையில் சாணை பிடித்துவிட்டு, முனையை மட்டும் 30 பாகையில் தீட்டுவதும் உண்டு. தீட்டும் நேரம் அதில் மிச்சமாகும்.

இருபக்கக் கல்லின் சொரசொரப்பான பக்கத்தில் எண்ணெய் விட்டு, சரிவைப் படியவைத்து முன்னும் பின்னுமாகத் தேய்த்தார். கை மேலும் கீழும் ஆடக்கூடாது. ஆடினால் சரிவு உருண்டுவிடும். கல்லின் நடுவில் மட்டும் தேய்க்காமல் எல்லா இடமும் பயன்படுத்தினார். நடுவிலேயே தேய்த்தால் கல் குழியாகும். குழிந்த கல் நேரான கூரைத் தராது. குழிந்துவிட்ட கல்லையும் கண்ணாடிமேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சமன் செய்யலாம்.

சிறிது நேரத்தில் முதுகுப் பக்கத்தை விரலால் குறுக்கே தடவிப் பார்க்கச் சொன்னார். முனை நெடுகிலும் மெல்லிய பிசிறு தட்டுப்பட்டது. ஒரு முனை தொடங்கி மறுமுனை வரை பிசிறு கிளம்பினால்தான் சரிவு கூர்வரை தேய்ந்திருக்கிறது என்று பொருள். பிசிறு வராமல் நிறுத்தினால் அதுவரை செய்தது வீண். பிறகு கல்லைத் திருப்பி மென்மையான பக்கத்தில் அதே வேலை. கடைசியாக முதுகைக் கல்லின்மேல் முழுத் தட்டையாக வைத்து இரண்டு இழுப்பு. பிசிறு உதிர்ந்தது. முதுகைச் சிறிதும் தூக்கிப் பிடிக்கக்கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார். முடிவாக ஒரு தோல்வாரில் பின்னோக்கி நாலைந்து இழுப்பு. சலூன்களில் முன்பு சவரக் கத்தியைத் தீட்டினார்களே, அதே முறை.

சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி காட்டினார். கூரை நேராக வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்க்க வேண்டும். மழுங்கிய இடம் இருந்தால் அங்கே வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னும். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, ஒன்றுமே தெரியாது. கட்டைவிரலை ஓட்டிப் பார்க்கிற பழக்கம் ஆபத்து.

மேல் தகடு உள்ள இழைப்புளியாக இருந்தால் அதைக் கூருக்கு மிக அருகில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தள்ளிப் பொருத்த வேண்டும். எழும்புகிற சுருளை அது உடனே மடக்கிவிடுவதால் நார் முன்னால் ஓடிப் பிய்வதில்லை. மாறி ஓடும் நாருள்ள மரத்தில் இது பெரிய உதவி.

பின்பு எங்கள் கடையில் கிடந்த ஒரு தேக்குத் துண்டில் ஓட்டினார். அதுவரை அந்த இளம் தச்சர் தள்ளும்போது கரகரவென்று கேட்ட இழைப்புளி, இப்போது மெல்லிய சீறலோடு ஓடியது. சுருள் சுருளாக வந்து விழுந்தது. ஒரு சுருளை எடுத்துச் செய்தித்தாளின் மேல் வைத்தோம்; கீழே இருந்த எழுத்து தெரிந்தது. தம்பி பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. இழைப்புளியைக் கேட்டு வாங்கித் தாமே இன்னொரு முறை ஓட்டினார்.

ஜப்பானியர் முதுகுக்குத் தரும் மதிப்பு

இது நம் ஊர்ப் பெரியவர் ஒருவரின் பிடிவாதம் என்று எண்ணவேண்டாம். ஜப்பானியத் தச்சர்கள் இழைப்புளியைத் தள்ளுவதில்லை, தம் பக்கம் இழுப்பார்கள். அவர்களுடைய தகட்டில் மென்மையான இரும்பின்மேல் கடினமான எஃகு ஒரு மெல்லிய அடுக்காகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். முதுகை வேண்டுமென்றே நடுவில் லேசாகக் குழித்து வைக்கிறார்கள். ஓரமும் கூரை ஒட்டிய பகுதியும் மட்டும் கல்லில் படும். சமன் செய்வது எளிது. முதுகுக்கு அவ்வளவு மதிப்பு!

அந்நாட்டில் 1990களில் தொடங்கிய "கெஸுரோகாய்" என்ற கூட்டங்களில் தச்சர்கள் யார் மிக மெல்லிய சுருள் எடுப்பது என்று போட்டி போடுகிறார்கள். தேர்ந்தவர்களின் சுருள் 10 மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டுப்புழு தன் கூட்டுக்காக விடும் ஒற்றை இழையின் கனமே சுமார் 20 மைக்ரான் இருக்கும். பட்டிழையைவிட மெல்லியதாக மரத்தைச் சீவ முடிகிறது என்றால், அதற்குக் காரணம் கை வலிமை அல்ல, தீட்டுதான்.

மரத்தின் ஊர் இது

காஞ்சி என்றதும் பட்டும் கற்கோயில்களும் நினைவுக்கு வரும். மரமும் நம் ஊரின் பெருமையே. வரதராஜப் பெருமாள் கோயில் திருக்குளத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்தி வரதர் அத்தி மரத்தாலான திருமேனி. 1979-க்குப் பிறகு 2019-இல் 48 நாட்கள் தரிசனம் நடந்தபோது நம் கடைத்தெரு கண்ட கூட்டத்தை யாரும் மறந்திருக்க முடியாது. திருவிழா வாகனங்களும் தேர்களும் மரவேலைதான். தேருக்கு இலுப்பை மரம் பெயர் பெற்றது.

வீட்டு வேலைக்கும் கடை அலமாரிக்கும் நாம் விரும்பும் தேக்கில் இயற்கையாகவே நுண்ணிய மணல்சத்து உண்டு. அதனால் தேக்கு இழைக்கும் கருவி சீக்கிரம் மழுங்கும். தச்சர் வேலையை நிறுத்தித் தீட்ட உட்கார்ந்தால் பொழுதைப் போக்குகிறார் என்று கூலி கொடுப்பவர்கள் முணுமுணுப்பது உண்டு. நாங்களும் முணுமுணுத்திருக்கிறோம். கணக்குப் பார்ப்போம். ஒருமுறை தீட்ட ஐந்து நிமிடம். ஒரு நாளில் நான்கு முறை என்றால் இருபது நிமிடம். மழுங்கிய இழைப்புளியைத் தள்ளிக்கொண்டு, பிய்ந்த இடத்தையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தால் அரை நாள் போகும். தீட்ட உட்காரும் தச்சரைக் கண்டால் நமக்குக் கூலி மிச்சம் என்று மகிழ வேண்டும்.

நம் கடையில் செய்யக்கூடியவை

இரும்புச் சாமான் விற்கும் உறுப்பினர்களும், எங்களைப்போல் மளிகையோடு சேர்த்து விற்பவர்களும் கவனிக்க வேண்டியவை சில.

தகட்டை உப்பு மூட்டைக்கும் புளிக்கும் அருகில் வைக்கக்கூடாது. உப்புக் காற்றும் புளிப்பும் எஃகைத் தின்றுவிடும். முதுகில் துருப்பள்ளம் விழுந்த தகட்டை எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் பள்ளம் கூருக்கு வரும்போது ஓட்டையாகத்தான் நிற்கும். லேசாக எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வறண்ட இடத்தில் வைப்பதே முறை.

தகடு விற்கும்போது கல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எட்டு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனமுள்ள இருபக்கக் கல் இழைப்புளித் தகட்டுக்குப் போதுமானது. அதோடு உப்புத்தாள் நான்கு எண்களில் ஒவ்வொன்று, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சிறு குப்பி. இவற்றைச் சேர்த்து எடுத்து வைத்தால் வாங்குபவருக்கும் அலைச்சல் இல்லை, நமக்கும் வியாபாரம்.

நம் கடைக் கத்திக்கும் இதே பாடம் உதவும். பூசணி அரியும் கத்தி, அரிவாள்மனை, மூட்டை அறுக்கும் கத்தி எல்லாம் மழுங்கினால்தான் கை வழுக்கிக் காயம் படுகிறது. இருபக்கமும் சரிவுள்ள கத்தியானால் இரண்டு பக்கமும் சமமாகத் தீட்ட வேண்டும். இழைப்புளித் தகட்டைப்போல் ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ளதானால் மறுபக்கத்தைத் தட்டையாகவே வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாதிருப்பது. "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்வதால் எந்தக் கடைக்காரருக்கும் மரியாதை குறைந்துவிடாது.

இன்று ஒரு தச்சர் கைப்பேசியில் தட்டினால் மறுநாளே தகடு வீடு தேடி வருகிறது. விலையும் சில நேரம் நம் விலையைவிடக் குறைவு. நாம் வருந்துவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவருபவர், தகட்டைத் திருப்பிப் பிடித்து முதுகைக் காட்டிப் பேசப்போவதில்லை. அந்த இடம் இன்னும் நம்முடையது. சரக்கு நம் வியாபாரத்தின் ஒரு முகம் என்றால், அந்தச் சரக்கைப் பற்றிய அறிவு மறுமுகம். முதல் முகத்தை மட்டும் பளபளப்பாக வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்?

அந்த நெசவாளரின் பாதிப் பாக்கியை நாங்கள் நோட்டிலிருந்து அடித்துவிட்டோம். அவர் ஒப்பவில்லை. "உங்க மேல என்ன தப்பு அண்ணாச்சி?" என்றார். நடந்ததைச் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பாதிக்குப் பாதி" என்று சிரித்தார். அப்படியே தீர்த்துக்கொண்டோம். புதிதாக இழைத்த பலகையில் இப்போது அவருடைய நாடா தடையில்லாமல் ஓடுகிறது. மாதக் கணக்கும் தவறுவதில்லை.

அலமாரிக் கண்ணாடித் துண்டு எங்கள் மேசைமேலேயே இருக்கிறது. புதுத் தகடு வாங்க யார் வந்தாலும் முதலில் முதுகைக் காட்டுகிறோம். இளம் தச்சர்கள் சிலர் அங்கேயே நின்று தேய்த்துக்கொண்டு போகிறார்கள். கால் மணி நேரம் மேசையில் இடம் அடைக்கிறதே என்று கடைப் பையன் முகம் சுளிக்கிறான். அவனுக்கும் தேய்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.